ஐந்து மணி நேரத்தில் ஐந்து லட்சம் வெள்ளி

கேமராவுக்குப் பின்னால் – பகுதி 6

2021 பிப்ரவரி 19, வெள்ளிக்கிழமை. புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மலேசியாகினி இணைய ஏடு நீதிமன்றத்தை அவமதித்துவிட்டது என்பது முடிவு. ஏட்டின் செய்தியாளர் யாரும் எழுதிய வரிகளுக்காக அல்ல, வாசகர்கள் பதிந்த ஐந்து கருத்துகளுக்காக வந்த வழக்கு அது. ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம் நின்றார்கள். நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அரசுத் தரப்பு கேட்ட அபராதம் 2 லட்சம் ரிங்கிட். நீதிமன்றம் விதித்தது 5 லட்சம்.

ஏடு தன் வாசகர்களைக் கேட்டது. ஐந்து மணி நேரத்துக்குள் முழுத் தொகையும் சேர்ந்தது.

அப்போது கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் இரண்டாவது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தது. கடைகள் பாதி மூடிக் கிடந்தன, சம்பளம் வெட்டுப்பட்டவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் மக்கள் கைப்பேசியை எடுத்து இருபதும் ஐம்பதும் நூறுமாக அனுப்பினார்கள். கருணையால் மட்டும் நடந்த காரியம் இல்லை இது. அந்த ஏட்டுக்கும் அதைப் படிப்பவர்களுக்கும் இடையே இருபது வருடமாக வளர்ந்த கொடுக்கல் வாங்கல் உறவு இருந்தது. காணொளி எடுத்துப் பிழைக்க நினைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ் இளைஞர்களுக்கு அந்த உறவின் கதை மிகவும் தேவை.

சென்ற வாரம் யூடியூபில் விளம்பரப் பணம் எப்படிப் பிரிகிறது என்று பார்த்தோம். நீளமான காணொளியில் வரும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு படைப்பாளிக்கு, மீதி தளத்துக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதில் 55 விழுக்காடு? விளம்பரதாரர் அந்த மாதம் எவ்வளவு செலவு செய்தார், பார்த்தவர் எந்த நாட்டில் இருந்தார், எந்த மொழியில் பார்த்தார் என்பதைப் பொறுத்துத் தொகை ஏறி இறங்கும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நன்றாக வரும், ஜனவரி பிறந்ததும் வற்றிவிடும். 2017இல் தீவிரவாதக் காணொளிகளுக்குப் பக்கத்தில் தங்கள் விளம்பரம் ஓடுகிறது என்று தெரிந்ததும் பெரிய நிறுவனங்கள் கூட்டமாக யூடியூபை விட்டு விலகின. எந்தத் தப்பும் செய்யாத படைப்பாளிகளின் வருமானமும் சேர்ந்து சரிந்தது.

இன்னொரு சிக்கல் நம் எண்ணிக்கை. மலேசிய இந்தியர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர், நாட்டு மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. புதுக்கோட்டைப் பக்கத்தில் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிப் பின்தொடர்வோரைத் தாண்டியது. மொழி தெரியாதவரும் பார்க்கும் காணொளி அது, பார்வைக் கணக்கிலேயே வாழ முடியும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளின் வாடகைப் பிரச்சினையையோ, கிள்ளான் தமிழ்ப்பள்ளி ஒன்றின் இட நெருக்கடியையோ காட்டும் காணொளியை யார் பார்ப்பார்கள்? அங்கே வாழ்கிறவர்கள் பார்ப்பார்கள். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. விளம்பரக் கணக்கில் அவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே.

மலேசியாகினியும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் தொடங்கியது. ஸ்டீவன் கான், பிரமேஷ் சந்திரன் இருவரும் 1999 நவம்பர் 20 அன்று அதைத் தொடங்கினார்கள். அச்சு ஏடு நடத்த 1984ஆம் வருட அச்சகச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று மகாதீர் அரசு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், இணையத்தில் மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. நுழைந்தாயிற்று, பணத்துக்கு என்ன வழி? அரசின் முகம் சுளிக்குமோ என்று பயந்த நிறுவனங்கள் விளம்பரம் தரத் தயங்கின. உலகெங்கும் இணைய நிறுவனங்கள் கவிழ்ந்த காலமும் அதுதான். 2002இல் ஆங்கிலப் பதிப்புக்குச் சந்தா வைத்தார்கள். இணையத்தில் எல்லாமே இலவசம் என்று எல்லாரும் நம்பிய நாள்களில் எடுத்த முடிவு அது.

பிறகு 2014இல் பெட்டாலிங் ஜெயாவில் சொந்தக் கட்டடம் வாங்க ஒரு திட்டம் போட்டார்கள். ஒரு செங்கல் ஆயிரம் ரிங்கிட். வாங்கியவரின் பெயர் அந்தக் கல்லில் பொறிக்கப்படும். வாசகர்கள் வாங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று, பணம் கட்டியவர்கள் தங்களுக்கு மட்டும் கட்டவில்லை. மலாய்ப் பதிப்பு இலவசம். அதன் காணொளிப் பிரிவான கினிடிவியின் பதிவுகளையும் யூடியூபில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிலர் கொடுக்கிறார்கள், எல்லாரும் பார்க்கிறார்கள். 2007 நவம்பர் 25 அன்று இண்ட்ராஃப் பேரணியில் கண்ணீர்ப்புகைக்கும் தண்ணீர்ப் பீரங்கிக்கும் நடுவே நின்ற தமிழர்கள், அன்றிரவுத் தொலைக்காட்சியில் தங்கள் நாளைத் தேடிப் பார்த்து ஏமாந்தார்கள். நடந்ததை நடந்தபடி பார்க்க அவர்களுக்கு இணையம்தான் வழி. அன்று கேமராவோடு தெருவில் நின்றவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது கணக்கப்பிள்ளையின் கவலை மட்டும் அல்ல. விளம்பரதாரரின் நிழலில் நிற்கும் கேமரா அன்று வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

பார்வையாளர் பலம் இல்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் இதே ஊரில் சாட்சி உண்டு. ஜஹாபர் சாதிக் ஆசிரியராக இருந்த 'தி மலேசியன் இன்சைடர்' தளம் 2016 பிப்ரவரி கடைசியில் அரசால் முடக்கப்பட்டது. மூன்று வாரத்துக்குள் உரிமையாளர்கள் அதை மூடினார்கள். வாசகர் கூட்டம் பெரிது, ஆனால் அந்தக் கூட்டம் பணம் கட்டும் கூட்டமாக இல்லை. நட்டம் தாங்க முடியவில்லை, வாங்கவும் ஆள் வரவில்லை. 1924இல் பிறந்த 'தமிழ் நேசன்' 2019 ஜனவரி 31 அன்று கடைசி இதழை அச்சிட்டது. ஏறத்தாழ 95 வருடம் வாழ்ந்த நாளிதழ் அது.

இனி ஒரு எளிய கணக்கு. யூடியூபில் 'சூப்பர் சாட்' 2017இல் வந்தது, மாத உறுப்பினர் வசதி 2018இல், 'சூப்பர் தேங்ஸ்' 2021இல். உறுப்பினர் கட்டணத்தில் 70 விழுக்காடு படைப்பாளிக்குக் கிடைக்கும். மாதம் 10 ரிங்கிட் கட்ட 500 பேர் இருந்தால் 5,000 ரிங்கிட். தளத்தின் பங்கு போக 3,500. மலேசியாவில் இப்போது குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒருவர் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதைச் செய்யவும், ஒளிப்பதிவுக்கு ஒரு துணையாளை அவ்வப்போது வைத்துக்கொள்ளவும் இது போதும். 20 லட்சம் பேரில் 500 பேரைத் தேடினால் கிடைக்க மாட்டார்களா?

கிடைப்பார்கள் என்று கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இலேயே எழுதினார். ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்தால் ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. 2013இல் ஜேக் கான்ட்டி என்ற இசைக்கலைஞர் மாதக் கணக்கில் உழைத்து, கைக்காசைக் கொட்டி ஒரு காணொளி எடுத்தார். விளம்பரத்தில் வந்த தொகையைப் பார்த்ததும் மனம் வெறுத்துப்போய், நண்பர் சாம் யாமோடு சேர்ந்து 'பேட்ரியான்' தளத்தைத் தொடங்கினார். ரசிகர் நேரடியாக மாதச் சந்தா கட்டும் வழி அப்படித்தான் பரவியது.

ஆனால் மலேசியத் தமிழருக்கு இதைச் சொல்லித்தர அமெரிக்கா தேவையில்லை.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்க, பாட்டாளிகள் தெருவுக்கு வந்தார்கள். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டது மாதம் பத்து வெள்ளி. பால் மரம் சீவிய கைகள் கொடுத்த அந்தப் பத்து வெள்ளியில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பிரிக்பீல்ட்ஸின் பிரதான சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. அதற்கும் சில வருடம் முன்னால், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். பத்திரிகை கேட்டது, கூலித் தொழிலாளிகளும் கொடுத்தார்கள்.

சிறு தொகையை நம்பிக்கையோடு ஒரு பொதுக் காரியத்துக்குக் கொடுக்கும் பழக்கம் இந்தச் சமூகத்தில் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. இன்றும் கோயில் திருப்பணிக்கும் மருத்துவச் செலவுக்கும் அது ஓடி வருகிறது. காணொளிக்கு மட்டும் ஏன் தயங்குகிறது? படைப்பாளிகள் கேட்கவே கூசுகிறார்கள் என்பது ஒரு காரணம். கேட்பவர்களும் 'சேனலை ஆதரியுங்கள்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். சம்பந்தன் ஆதரவு கேட்கவில்லை, எதை வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் கேட்டார். மலேசியாகினி செங்கல்லைக் காட்டிக் கேட்டது.

பார்வையாளர் பணத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. கட்டுகிறவருக்குப் பிடித்ததையே பேசும் ஆசை வந்துவிடும். நேரலையில் ஐம்பது வெள்ளி அனுப்பியவரின் கட்சியைக் குறை சொல்ல நாக்கு எழாது. விளம்பரதாரரிடமிருந்து விடுபட்டு ரசிகரிடம் மாட்டிக்கொண்டவர்களை அரசியல் பேசும் தமிழ்ச் சேனல்களில் நிறையவே பார்க்கலாம். ஒரே ஒருவர் ஐயாயிரம் தருவதைவிட ஐந்நூறு பேர் பத்துப் பத்தாகத் தருவது இதனால்தான் நல்லது. எந்தத் தனி மனிதரும் போய்விட்டால் கடை மூடாது.

கணக்குக் காட்டுவதும் முக்கியம். காணொளியின் ஓரத்தில் டூயிட்நவ் கியூஆர் குறியீட்டை வைத்தால் தளத்துக்கு 30 விழுக்காடு போகாது, பணம் நேராக வந்து சேரும். ஆனால் அடுத்த மாதம் யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள், மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் உறுப்பினர் வசதியின் நிதானம் அதில் இல்லை. சொந்த வங்கிக் கணக்கில் விழும் பணத்தில் எது வீட்டுக்கு, எது வேலைக்கு என்று பிரிக்காவிட்டால் சந்தேகம் முளைக்கும். ஒரே ஒரு பொய்யான நன்கொடை வேண்டுகோள் அம்பலமானால் போதும், நேர்மையாகக் கேட்பவரும் அதற்கு விலை கொடுக்க நேரிடும். தனிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைக் காட்டும் ஒரு காணொளி, வருமான வரி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே ஒழுங்கு செய்துகொள்வது நல்லது.

இந்தியாவில் 2012இல் தொடங்கிய 'நியூஸ்லாண்ட்ரி' ஒரு வழி வைத்திருக்கிறது. சந்தா ஒரு பக்கம் இருக்க, குறிப்பிட்ட ஒரு களச் செய்திக்கு இவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே அறிவித்து, அதற்கென்று பார்வையாளர்களிடம் பணம் திரட்டுகிறார்கள். சேர்ந்த பிறகு செய்தியாளர் கிளம்புகிறார். தொடர்ந்து மாதச் சந்தா கேட்கத் தயங்கும் கிள்ளான் இளைஞருக்கு இது சுலபமான தொடக்கம். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்கள் அழிந்து, மாணவர் குறைந்து, இடம் மாற்றக் காத்திருக்கும் பள்ளிகளைப் பற்றி ஐந்து காணொளிகள். பெட்ரோல், ஒளிப்பதிவு, தொகுப்பு, இரண்டு பேரின் ஒரு மாதச் சம்பளம் என்று செலவைத் திரையில் எழுதிக் காட்டலாம். அந்தப் பள்ளிகளில் படித்துவிட்டு இன்று ஷா ஆலாமிலும் பூச்சோங்கிலும் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள்தான் அதன் முதல் ஐந்நூறு பேர்.

அடுத்த வாரம்: தீபாவளி விளம்பரக் குறும்படங்களும், அவற்றில் நடிக்கும் படைப்பாளிகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தங்களும்.

(தொடரும்)