பலகையின் அடிவரி

பழைய கடைப் பலகையின் வயதை அறிய, மேலே பெரிதாக எழுதிய பெயரைவிட அடியில் பொடி எழுத்தில் இருக்கும் முகவரிதான் உதவும். கடைப்பெயர் மூன்று தலைமுறைக்கு மாறாமல் நிற்கலாம். தொடங்கிய ஆண்டு என்று போடுவதில் பத்து, இருபது வருடம் கூட்டிக்கொள்ளவும் செய்யலாம். மாவட்டப் பெயரும் அஞ்சல் குறியீடும் அப்படியல்ல; அவை அரசாணையோடு மாறுகின்றன, அவற்றில் பொய் சொல்லி யாருக்கும் லாபமில்லை.

பெருந்துறையில் இந்தச் சோதனை நன்றாக எடுபடும். 1979 வரை ஊர் கோவை மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிந்த புது மாவட்டத்துக்குப் பெரியார் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1990-களின் பிற்பாதியில் அது ஈரோடு மாவட்டமானது. ஆகவே ‘கோவை ஜில்லா’ என்ற வரி பலகையை 1979-க்கு முன்னால் தள்ளுகிறது. ‘பெரியார் மாவட்டம்’ என்றிருந்தால் இரண்டு பெயர்மாற்றங்களுக்கும் நடுவில் எழுதியது. 638052 என்ற எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. நாட்டில் அஞ்சல் குறியீட்டு முறை அன்றுதான் வந்தது. பயணியர் நிழற்குடையில் ‘சேரன்’ அல்லது ‘ஜீவா’ போக்குவரத்துக் கழகத்தின் பெயர் மங்கலாகத் தெரிந்தால், அது 1997-இல் கழகங்களின் தனிப்பெயர்களை அரசு நீக்குவதற்கு முந்தைய எழுத்து. ‘என்.எச். 47’ என்ற முகவரிக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, ஊர் வழியே சேலத்திலிருந்து கோவை போகும் சாலை 544 ஆயிற்று.

எழுத்தின் வடிவமும் சாட்சிதான், ஆனால் கொஞ்சம் தளர்வான சாட்சி. லை, னை, ளை போன்றவற்றை முன்னால் துதிக்கை வைத்து எழுதும் பழக்கத்தை 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்த ஆணை மாற்றியது. ஆணை வந்த மறுநாளே பெயின்டரின் கை மாறிவிடாது. பள்ளியில் பழைய எழுத்துப் படித்தவர் பிறகும் பல காலம் துதிக்கையோடுதான் எழுதியிருப்பார். முகவரிக்கும் எழுத்துக்கும் முரண் வந்தால் முகவரியை நம்புவதே மேல். வாசகமும் வயது சொல்லும்: அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுச் சுவர் விளம்பரத்தில் சிவப்பு முக்கோணத்தோடு ‘இரண்டு அல்லது மூன்று போதும்’ என்றிருந்தால், ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்பதற்கு அது மூத்தது.

கட்டடங்களில் கணக்கு இவ்வளவு சுலபமில்லை. முகப்பில் சுதையால் எழுதிய தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ‘பிரபவ’ என்றால் 1927-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். அப்போது பூச்சைப் பார்க்க வேண்டும்: சுண்ணாம்புக் காரையா, சிமெண்டா? மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1930-களில்தான் என்பதால், காரைச் சுவரும் தேக்குத் தூணும் திண்ணையும் சேர்ந்து நின்றால் முந்தைய ஆண்டுக்கே வாய்ப்பு அதிகம்.

கூரையிலிருந்து கழற்றிய ஓட்டின் அடிப்பக்கத்திலும் ஊர்ப்பெயர் உண்டு. மங்களூரில் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பாசல் மிஷன், தன் பெயரை ஓட்டில் அச்சாகவே பதித்தது. முதல் உலகப் போரில் அதன் தொழில்கள் கைமாறி, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயரில் நடந்தன. 1862-இல் சென்னையை மேற்குக் கரையோடு இணைத்த ரயில் பாதைதான் இந்த ஓடுகளுக்குக் கொங்கில் வழி திறந்தது. அந்தப் பாதை பெருந்துறை ஊரைத் தொடவில்லை. தெற்கே ஈங்கூர் வழியாகப் போகிறது. ஆனால் ஓட்டின் அச்சு ஓட்டுக்குத்தான் வயது சொல்லும், வீட்டுக்கு அல்ல. ஒரு வீட்டைப் பிரித்த ஓடு அடுத்த வீட்டுக்கு ஏறுவது வழக்கம்.

ஊரின் பெரிய தடயம் எந்தப் பலகையிலும் அடங்காதது: சானிடோரியம். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்று, வெயில் ஆகியவையே வைத்தியம். அதனால் இத்தகைய மருத்துவமனைகளை ஊருக்கு வெளியே, வறண்ட காற்றுள்ள இடமாகப் பார்த்து, வார்டுகளைத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். நீண்ட தாழ்வாரமும் வரிசை ஜன்னல்களும் அழகுக்கு வைத்தவை அல்ல, அவையே சிகிச்சை. மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கும் பெருந்துறைப் பக்கம் இதற்கு ஏற்றதாக இருந்தது.

1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. சென்னைக் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் செய்த ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுபவரும் சானிடோரியத்தில் படுத்திருப்பவருக்கு இணையாகக் குணமாகிறார் என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுக்கச் சானிடோரியங்களின் தேவை அதோடு சுருங்கியது. பெருந்துறையில் அந்த இடம் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்குப் போய், 1992-இல் மருத்துவக் கல்லூரியானது. பஸ் ஓட்டும் துறைக்கு மருத்துவக் கல்லூரி எதற்கு என்று வெளியூர்க்காரர் வியப்பதுண்டு. போக்குவரத்துத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அங்கே தனி இட ஒதுக்கீடு இருந்தது என்பது விடையில் ஒரு பாதி. பிறகு அது சுகாதாரத் துறைக்கு மாறி, அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி என்றாயிற்று. அஞ்சலகத்தின் பெயர் மட்டும் இன்றும் பெருந்துறை சானிடோரியம். அதன் குறியீடு 638053.