ஹாரோவில் தோற்றவர், ஸ்ட்ராட்ஃபோர்டில் வென்றார்

உமா குமரன் தன் முதல் பொதுத்தேர்தலில் தோற்றவர். 2015 மே மாதம் வடமேற்கு லண்டனின் ஹாரோ கிழக்குத் தொகுதியில் லேபர் கட்சி அவரை நிறுத்தியது. எதிரே கன்சர்வேட்டிவ் கட்சியின் பாப் பிளாக்மன். 2010இல் அந்தத் தொகுதியை லேபரிடமிருந்து பறித்தவர் அவர். இந்திய வம்சாவளி வாக்காளர்களிடம் செல்வாக்கு மிக்கவர். பின்னாளில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். உமாவுக்குக் கிடைத்தவை 19,911 வாக்குகள். பிளாக்மனுக்கு 24,668.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 4 அன்று, கிழக்கு லண்டனில் புதிதாக உருவான ஸ்ட்ராட்ஃபோர்டு - போ தொகுதியில் உமா மீண்டும் நின்றார். இம்முறை 19,145 வாக்குகள். இரண்டாம் இடம் பிடித்த கிரீன் கட்சி வேட்பாளருக்கு 7,511. 11,634 வாக்கு வித்தியாசத்தில் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்குள் போனார். அதே இரவில் பிளாக்மன் ஹாரோ கிழக்கை 11,680 வாக்கு வித்தியாசத்தில் தக்கவைத்துக்கொண்டார். நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கட்சி சரிந்த அந்தத் தேர்தலில், அந்தக் கட்சிக்கு மிக அதிக வாக்கு சதவீதம் கிடைத்த தொகுதியே ஹாரோ கிழக்குதான். 28 வயதை ஒட்டிய ஒரு புதுமுகம் 2015இல் எத்தகைய இடத்தில் இறக்கப்பட்டார் என்பது இதைப் பார்த்தால் புரியும்.

வெற்றிச் செய்தி வந்ததும் யாழ்ப்பாணம் முதல் டொராண்டோ வரை தமிழ் ஊடகங்கள் ‘பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முதல் தமிழ்ப் பெண்’ என்று எழுதின. இதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். உள்துறை அமைச்சராக இருந்த சுயெல்லா பிரேவர்மன் 2015இலேயே எம்.பி. ஆனவர், அவருடைய தாய் மொரிஷியஸ் தமிழ் வம்சாவளியில் வந்தவர். ஆனால் பிரேவர்மன் தமிழர் என்ற அடையாளத்தோடு அரசியல் செய்தவர் அல்லர். ஈழத்துப் போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்தில் பிறந்து, அதை வெளிப்படையாகச் சொல்லி வாக்குக் கேட்டு வென்ற முதல் பெண் உமா. அந்தப் பெருமை முழுக்க அவருடையது.

அவருடைய பெற்றோர் 1980களில் இலங்கையை விட்டு வெளியேறினார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு அப்படி வெளியேறியவர்கள் பல்லாயிரம் பேர். லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ, டூட்டிங், மிட்சம் என்று தமிழ்த் தெருக்கள் உருவானது அந்த அலையில்தான். பெட்ரோல் நிலையங்களிலும் மூலைக்கடைகளிலும் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை அது. 2021 கணக்கெடுப்பில், தமிழே தங்கள் முதன்மை மொழி என்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு செய்தவர்கள் சுமார் 1.25 லட்சம். வீட்டில் தமிழும் வெளியில் ஆங்கிலமும் பேசும் இளையவர்கள் பலர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இந்தச் சமூகம் அரசியலில் ஒரே தாவலில் மேலே வரவில்லை. முதலில் நகரசபைகள். குப்பை, வாகன நிறுத்தம், பள்ளி இடம், நூலக நேரம் என்று தொடங்கும் அந்தப் படியில்தான் தமிழர்கள் அரசியல் பழகினார்கள். நியூஹாம் நகரசபையில் போல் சத்தியநேசன் 1990களின் இறுதியிலிருந்து நீண்டகாலம் கவுன்சிலராக இருந்தார். தயா இடைக்காடர் 2012இல் ஹாரோ நகரசபையின் தலைவரானார். இவர்களுடைய பெயர்கள் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. ஆனால் கட்சிக் கிளைக் கூட்டங்களில் உட்கார்ந்து, மழையில் துண்டறிக்கை கொடுத்து, ‘தமிழர்களும் வாக்காளர்கள்தான்’ என்று கட்சிகளுக்குப் புரியவைத்தவர்கள் இவர்கள்தான்.

2009இல் அந்தப் பாடம் இன்னும் கடுமையாக வந்தது. இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில் முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஏப்ரலில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் லண்டன் தமிழர்கள் நாடாளுமன்றச் சதுக்கத்தை விட்டு நகரவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், முதியவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். ஆதரவாகப் பேசிய எம்.பி.க்கள் இருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து தன் வீட்டுக் கதையாக இதைச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

உமா சென்ற வழி கட்சிக்குள்ளும் அரசு அலுவலகங்களுக்குள்ளும் போனது. கிழக்கு லண்டனில் பிறந்த அவர், மைல் எண்டில் உள்ள குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் அரசியலும் பொதுக் கொள்கையும் படித்தார். தேசிய சுகாதார சேவையில் வேலை செய்தார். கியர் ஸ்டார்மர் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய அலுவலகத்தில் நாடாளுமன்ற விவகாரங்களைக் கவனித்தார். பிறகு பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் உலகப் பெருநகரங்களின் கூட்டமைப்பான சி40இல் வெளியுறவுப் பொறுப்பு. சென்னையும் அந்தக் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினர். ஹாரோவில் தோற்ற பிறகான அந்த ஒன்பது ஆண்டுகள் வீணாகவில்லை. மசோதா எப்படி நகர்கிறது, அமைச்சரகம் எப்படி நழுவுகிறது என்பதை மேடைக்குப் பின்னால் இருந்து கற்றுக்கொண்ட காலம் அது.

தமிழ்நாட்டுத் தேர்தலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு பிரிட்டன் தேர்தல் ஓசையே இல்லாதது. கட்டவுட் இல்லை, ஒலிபெருக்கி இல்லை; தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அரசியல் விளம்பரத்துக்குத் தடை. வேட்பாளர் கட்டும் டெபாசிட் 500 பவுண்டு. பதிவான வாக்கில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கினால் அது திரும்பக் கிடைக்கும். தொகுதிச் செலவுக்குக் கடுமையான உச்சவரம்பு உண்டு. ஆக, பிரச்சாரம் என்பது வீட்டுக்கு வீடு கதவைத் தட்டுவதுதான். வியாழக்கிழமை காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை, பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ, தாளில் பென்சிலால் குறி போட்டு வாக்களிக்கிறார்கள். அன்றிரவே எண்ணி, பெரும்பாலான தொகுதிகளின் முடிவை விடிவதற்குள் சொல்லிவிடுகிறார்கள்.

2024இல் லேபர் கட்சி நாடளவில் 33.7 சதவீத வாக்கோடு 411 இடங்களை அள்ளியது. ஆனால் கிழக்கு லண்டனில் அது சுகமான தேர்தல் அல்ல. காஸா போரில் கட்சி எடுத்த நிலைப்பாட்டின் மீது, குறிப்பாக முஸ்லிம் வாக்காளர்களிடையே, கடும் கோபம் இருந்தது. பக்கத்துத் தொகுதியில் லேபரின் ருஷனாரா அலி வெறும் 1,689 வாக்குகளில் தப்பினார். 2019இல் அவருடைய வித்தியாசம் 37,524. இல்ஃபோர்டு வடக்கில் அதே கட்சியின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528 வாக்குகளில் கரையேறினார். இந்தப் பின்னணியில் உமா பெற்ற 11,634 வாக்கு வித்தியாசம் பெரியது. கிரீன் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்ததையும் அவர் மறக்க முடியாது.

அவர் வென்ற மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1888இல் போ பகுதியின் பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த இளம்பெண்கள் நடத்திய வேலைநிறுத்தம் பிரிட்டன் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்பம். 1912இல் அந்தப் பகுதியின் எம்.பி. ஜார்ஜ் லான்ஸ்பரி, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பதவியை ராஜினாமா செய்து, அதே கேள்வியை முன்வைத்து இடைத்தேர்தலில் நின்று, 751 வாக்குகளில் தோற்றார். அன்று பெண்கள் வாக்களிக்கவே முடியாத மண்ணில்தான் இன்று ஓர் அகதிக் குடும்பத்தின் மகள் எம்.பி. 1931இல் இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, போவில் உள்ள கிங்ஸ்லி ஹாலில் ஏழைத் தொழிலாளர்களின் நடுவே தங்கினார்.

இன்று அதே தொகுதியில் 2012 ஒலிம்பிக் பூங்காவும் வெஸ்ட்ஃபீல்டு வணிக வளாகமும் கண்ணாடிக் கோபுரங்களும் நிற்கின்றன. அவற்றின் அடியில் இருக்கும் பெரிய பிரச்சினை வீடு. சொந்த வீடின்றி நகரசபை ஒதுக்கும் தற்காலிக இருப்பிடங்களில் மிக அதிகக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் ஸ்ட்ராட்ஃபோர்டு அடங்கிய நியூஹாம் ஒன்று. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும் படிக்கும் பிள்ளையும். ஃபிளாட் வாங்கியவர்களுக்கு வேறு கவலை. இங்கே பலர் வாங்குவது நீண்டகாலக் குத்தகை உரிமை மட்டுமே; நிலம் இன்னொருவருடையது, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 72 பேரைப் பலிகொண்ட 2017 கிரென்ஃபெல் தீ விபத்துக்குப் பிறகு, கட்டடங்களின் வெளிச்சுவரில் பொருத்திய, எளிதில் தீப்பற்றும் உறைகளை அகற்றும் செலவு யாருடையது என்ற சண்டையும் சேர்ந்துகொண்டது. ஒலிம்பிக் வீரர்கள் தங்கிய குடியிருப்பான ஈஸ்ட் வில்லேஜின் கட்டடங்களே அந்தச் சண்டையில் சிக்கி நீதிமன்றம் வரை போயின.

ஆளுங்கட்சி எம்.பி.யாக உமா அளக்கப்படப்போவது இங்கேதான். காரணம் சொல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்றும் வழக்கத்தை ஒழிக்கும் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தை லேபர் அரசு 2025 அக்டோபரில் நிறைவேற்றியது. நல்ல தொடக்கம். ஆனால் மலிவு வாடகை வீடுகள் எழும்பாத வரை கிழக்கு லண்டன் குடும்பங்களுக்கு அது பாதி மருந்துதான்.

தமிழ்க் கேள்வி அவருடைய இரண்டாவது பொறுப்பு. நாடாளுமன்றத்தின் வெளியுறவுத் தேர்வுக்குழுவில் அவர் உறுப்பினர். அமைச்சர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் குழு அது. இலங்கைப் போர்க்குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறல் வேண்டும் என்பதை அவர் சபையில் எழுப்பியிருக்கிறார். 2025 மார்ச் 24 அன்று பிரிட்டன் அரசு சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய என்ற மூன்று முன்னாள் இலங்கைப் படைத்தளபதிகள் மீதும், விடுதலைப் புலிகளின் முன்னாள் தளபதி கருணா அம்மான் மீதும் பயணத்தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. இதை ஓர் எம்.பி.யின் சாதனை என்று சொன்னால் பதினாறு ஆண்டுகள் ஓயாமல் மனு எழுதிய மக்களுக்கு அநியாயம். கனடா 2023 ஜனவரியிலேயே மகிந்த ராஜபக்ச, கோட்டாபய ராஜபக்ச ஆகிய இருவர் மீதும் தடை விதித்திருக்க, அந்தப் பெயர்கள் லண்டன் அறிவித்த பட்டியலில் இல்லை. தன் கட்சியே ஆளும்போது தன் அரசிடமே இதைக் கேட்க வேண்டிய இடத்தில் உமா இருக்கிறார்.

இங்கே லண்டன் தமிழர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உமா ‘தமிழர் எம்.பி.’ அல்லர், ஸ்ட்ராட்ஃபோர்டு - போ தொகுதியின் எம்.பி. அங்கே வங்காளிகளும் ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பங்களும் வெள்ளையரும் தமிழர்களும் கலந்து வாழ்கிறார்கள். ஒரு எம்.பி. தன் தொகுதியில் வசிப்பவரின் பிரச்சினையை மட்டுமே கையில் எடுப்பார் என்பது இந்த நாட்டு மரபு. விசா தாமதமாகிறதா, வீட்டில் பூஞ்சையா, பிள்ளைக்குப் பள்ளி இடம் கிடைக்கவில்லையா? ஹாரோவில் இருப்பவர் ஹாரோ எம்.பி.யிடம் போக வேண்டும், மிட்சமில் இருப்பவர் அந்தத் தொகுதி எம்.பி.யிடம். முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும் சொன்னால் போதும். இடைத்தரகர் வேண்டாம், காசு வேண்டாம், வாக்குரிமை இல்லாதவருக்கும் கதவு திறந்திருக்கும்.

வாக்குரிமையைப் பற்றியும் நம்மவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இல்லாவிட்டாலும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பொதுத்தேர்தலிலும் நகரசபைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். அண்மையில் படிக்கவும் வேலைக்கும் வந்த இளைஞர்களுக்கும் இது பொருந்தும். வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டை அவசியம். கையில் இல்லையென்றால் இலவசமாக விண்ணப்பித்துப் பெறலாம். இன்னும் பெயர் பதியாதவர்கள் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். பதிந்த பின், உங்கள் தொகுதி எம்.பி. யார் என்று பார்த்து, அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.