மருதமுனைத் தறியும் வாணிக நாணயமும்

வாணிகம் என்றதும் பெருமுதலும் மாடமாளிகையும் பலர் எண்ணத்தில் எழுகின்றன. ஆயின் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் சிறுமுதற் றொழில்களாலேயே வாழ்கின்றன. அத்தொழில்களில் நேர்மை என்பது மேடையிற் பேசும் அறம் மட்டுந்தானா, நாடோறும் கைக்கொள்ளத்தக்க முறையா என்பதை இங்கு ஆராய்வோம்.

இதற்கு நாம் கொள்ளும் சான்று அம்பாறைக் கரையோரத்து மருதமுனை. கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே அமைந்த இம்முஸ்லிம் ஊர் கைத்தறி நெசவாற் பெயர் பெற்றது. சாரம், சேலை, படுக்கை விரிப்பு முதலியன இவ்வூர்த் தறிகளின் விளைவுகள்.

துணியில் வஞ்சனை செய்தற்கு மூன்று இடங்கள் உள. முதலாவது நீளம். ஐந்தரை மீற்றர்ச் சேலையில் 10 சென்ரிமீற்றரைக் குறைத்தால், 55 சேலைகளில் ஒரு சேலைக்குரிய துணி மிஞ்சும். ஆனால் அந்த ஒரு சேலைக்காக ஏமாற்றப்பட்டோர் 55 பேர் என்பதையும் கணக்கிடல் வேண்டும். இரண்டாவது நெருக்கம். அங்குலத்துக்கு 60 ஊடை இழை செல்ல வேண்டிய இடத்தில் 50 செலுத்தினால் ஊடை நூலில் ஆறிலொரு பங்கு மிச்சமாகும். வேலையும் விரைவில் முடியும். கஞ்சி இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. சில சலவைகளின் பின் இழை விலகிவிடும். மூன்றாவது சாயம். சாயமிட்ட நூலைக் கொதிநீரிற் சவர்க்காரமிட்டு நன்கு அலசாது விட்டால் விறகும் நீரும் மிஞ்சும். அணிபவரின் மற்றை ஆடைகளில் நிறம் ஊறும்.

நேர்மைக்குச் செலவில்லை என்று நாம் கூறமாட்டோம். 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவில் நின்றது. பிறநாட்டு நூலையும் சாயத்தையும் நம்பிய நெசவாளனுக்கு இது பேரிடி. அத்தகைய காலத்தில் அவன்முன் நிற்கும் வழிகள் சில. விலையை மாற்றாது இழையைக் குறைத்து மறைக்கலாம். தறியில் உழைப்போரின் கூலியைக் குறைக்கலாம். காரணங்கூறி விலையை உயர்த்தலாம். அல்லது மெல்லிய துணியை நெய்து, மெல்லியதென்றே சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கலாம். பின்னிரண்டே நாணயமான வழிகள். அவற்றால் விற்பனை சிலகாலம் தளரவுங்கூடும். அத்தளர்ச்சியைத் தாங்குதற்கே, நல்ல காலத்து வரும்படியில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்தலும் வீட்டுச் செலவையும் தொழிற் செலவையும் வேறுவேறு கொப்பிகளில் எழுதலும் இன்றியமையாதன. கணக்கில்லாதவன் நேர்மையாயிருக்க விரும்பினும் இயலாது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையால் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையும் பேரழிவுக்குள்ளாயிற்று. தறியும் நூலும் கடலோடு போனபின் ஒருவனிடம் எஞ்சுவது அவன் பெயர் ஒன்றே. கடனாக நூல் கொடுப்போன் அப்பெயரையன்றி வேறெதனை ஈடாகக் கொள்வான்?

இவ்வறம் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரம் வாணிகரைப் பற்றிய குறளோடேயே நிறைவுறுகின்றது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையிற் குறைப்போரைக் கண்டித்தே தொடங்குகின்றது. அதன் இரண்டாம் அத்தியாயம் கடனை எழுதி வைக்குமாறு பணிக்கின்றது. தமிழூரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து அமைந்த இக்கரையில் இவ்வொற்றுமை பெரும்பயன் உடையது. ஒரு கடைக்காரன் அளவிற் செய்யும் வஞ்சனை அவனுடைய குற்றமாக மட்டும் நில்லாது, அவன் சமூகத்தார் அனைவர்மீதும் ஏற்றப்படும். அவ்வாறே ஒருவனுடைய நாணயமும் இரு சமூகத்தாரிடையே பாலமாகும்.

வணிகமும் கணக்கியலும் பயிலும் மாணவர்கள் நாளை ஒரு சிறுகடையேனும் தொடங்குவார்களாயின், முதற்கண் ஒரு முடிவு செய்க: வாங்குவோன் அறியவியலாத இடத்தில் நாம் எதனைச் செய்யமாட்டோம் என்பதை எழுதி வைக்க. முதல் சிறிதாயினும் அவ்வெழுத்துப் பெரிது.