உங்களுக்குத் தெரியுமா? பழைய டயருக்கு மறுவாழ்வு

● பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டறிந்தார். இதுவே வல்கனைசேஷன்.

● கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைப் பாலம் போட்டாற்போல இணைக்கிறது. அந்தப் பிணைப்பு இருப்பதால்தான் பழைய டயரை உருக்கி மறுபடி வார்க்க முடிவதில்லை.

● டயர் தூளை அப்படியே புது ரப்பரில் கலந்தால் இரண்டும் சரியாக ஒட்டாது. ஒட்டாத அந்த ஓரத்தில்தான் முதல் விரிசல் விழும். வெப்பத்தாலும் ரசாயனத்தாலும் கந்தகப் பிணைப்புகளை ஓரளவு அறுத்துத் தயாரிக்கும் ‘ரீக்ளெய்ம்’ ரப்பரோ நன்றாகக் கலக்கும்.

● இப்படிக் கலந்த ரப்பரில் கந்தகத்தைக் குறைத்து, வல்கனைசேஷனை வேகப்படுத்தும் ‘ஆக்சிலரேட்டர்’ என்ற ரசாயனத்தைக் கூட்டினால் பிணைப்புகள் குட்டையாக அமையும். குட்டைப் பிணைப்புகள் சூட்டில் எளிதில் அறுந்துபோகா.

● வெப்பத்தையும் ஓசோனையும் தாங்கும் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை இந்தக் கலவையில் சேர்ப்பதும் உண்டு. கார் ரேடியேட்டர் குழாய்களும் கதவோர ரப்பர் பட்டைகளும் பெரும்பாலும் இதில் செய்தவையே.

● பழைய டயரை எரித்தால் நச்சுப்புகைதான் மிஞ்சும். எரிக்காதீர்கள், மறுசுழற்சிக்குக் கொடுங்கள்!