விரிதாளில் கல மதிப்புகளை ஒப்பிடுதல்

விரிதாளின் இரண்டு கலங்களில் உள்ள மதிப்புகள் ஒன்றா, வேறா, எது பெரியது என்று கணினியைக் கொண்டு கண்டறிவது கல ஒப்பீடு எனப்படும். மைக்ரோசாப்ட் எக்செல், லிப்ரெஆபிஸ் கால்க் போன்ற மென்பொருள்களில் இதை வாய்பாடு, நிபந்தனை வடிவூட்டம், குறுநிரல் ஆகிய மூன்று வழிகளில் செய்யலாம். பலரும் கண்டிஷனல் ஃபார்மட்டிங் என்று அழைப்பதே நிபந்தனை வடிவூட்டம். குறுநிரல் என்பது மேக்ரோ.

எடுத்துக்காட்டு

ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல் வரிசையில் தலைப்புகள் உள்ளன. 2 முதல் 41 வரையிலான வரிசைகளில், ஏ நெடுவரிசையில் தேர்வெண்கள் உள்ளன. மதிப்பெண்களை ஓர் ஆசிரியர் பி நெடுவரிசையிலும், அதைப் பார்க்காமல் மற்றோர் ஆசிரியர் சி நெடுவரிசையிலும் உள்ளிடுகின்றனர். ஒருவர் 57 என்பதை 75 என்று தட்டச்சிட்டிருந்தால், இரண்டையும் ஒப்பிடும்போது அது வெளிப்பட்டுவிடும். இருவரும் ஒரே இடத்தில் ஒரே தவற்றைச் செய்வது அரிது.

இங்குத் தமிழில் எழுதப்பட்டுள்ள நெடுவரிசைப் பெயர்களையும் சார்புகளின் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும்.

வாய்பாடு

டி2 கலத்தில் =பி2=சி2 என்று எழுதினால், மதிப்புகள் ஒன்றாக இருக்கும்போது ட்ரூ என்றும், வேறுபட்டால் ஃபால்ஸ் என்றும் விடை வரும். அதைக் கீழே 41ஆம் வரிசை வரை இழுத்து நிரப்பலாம். எக்செலில் இந்த ஒப்பீடு ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்காது. அந்த வேறுபாடும் தேவையென்றால் எக்ஸாக்ட் சார்பைப் பயன்படுத்த வேண்டும்.

ஒரு பட்டியலில் ஒரு மாணவர் விடுபட்டிருந்தால், அதற்குப் பின் உள்ள வரிசைகள் இடம் மாறிவிடும். அப்போது வரிசைக்கு வரிசை ஒப்பிடாமல், வீலுக்அப் சார்பின் மூலம் தேர்வெண்ணைக் கொண்டு தேடி ஒப்பிட வேண்டும்.

நிபந்தனை வடிவூட்டம்

1. பி2 முதல் சி41 வரை தேர்ந்தெடுக்கவும்.
2. ஹோம் தாவலில் கண்டிஷனல் ஃபார்மட்டிங், நியூ ரூல் என்று செல்லவும்.
3. பட்டியலின் கடைசியில் உள்ள, வாய்பாட்டைப் பயன்படுத்தும் வகையைத் தேர்ந்தெடுக்கவும்.
4. =$பி2<>$சி2 என்று எழுதி, நிறத்தைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்யவும்.

வேறுபடும் இணைகள் மட்டும் நிறம் பெறும். மதிப்பெண்ணைத் திருத்தியவுடன் நிறமும் தானாக நீங்கிவிடும்.

டாலர் குறி நெடுவரிசையை மட்டும் நிலைநிறுத்துகிறது. $பி$2 என்று எழுதினால், எல்லா வரிசைகளும் இரண்டாம் வரிசையுடனேயே ஒப்பிடப்படும். தலைப்பையும் சேர்த்துப் பி1 முதல் தேர்ந்தெடுத்துவிட்டு இதே வாய்பாட்டை எழுதினால், நிறம் ஒரு வரிசை மேலே விழும். தவறில்லாத மாணவரின் மதிப்பெண்ணைத் திருத்தும் நிலை இதனால் ஏற்படலாம்.

குறுநிரல்

எக்செலில் குறுநிரல்களை எழுதப் பயன்படும் விபிஏ மொழி 1993இல் எக்செல் 5 பதிப்புடன் வந்தது. வரிசை 2 முதல் 41 வரை ஒவ்வொன்றாகச் சென்று, இரண்டு மதிப்புகளும் வேறுபட்டால் நிறமிட்டு, அந்தத் தேர்வெண்ணை வேறொரு தாளில் எழுதுமாறு ஒரு குறுநிரலை அமைக்கலாம். பல பாடங்கள், பல தாள்கள் இருக்கும்போது இது பயன்படும்.

ஆனால் குறுநிரல் இட்ட நிறம், மதிப்பைத் திருத்திய பின்னும் அப்படியே இருக்கும். குறுநிரல் தாளில் செய்த மாற்றத்தை அன்டூ கொடுத்து மீட்கவும் முடியாது. எனவே கோப்பின் நகலில்தான் அதை இயக்க வேண்டும். விபிஏ இயல்பாகவே பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் என்பதால், வாய்பாட்டின் விடையும் குறுநிரலின் விடையும் சில இடங்களில் மாறலாம்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள்

* வெற்றுக் கலம்: வெற்றுக் கலமும் 0 உள்ள கலமும் சமம் என்றே விடை வரும். தேர்வுக்கு வராதவரும் பூஜ்யம் பெற்றவரும் ஒன்றாகிவிடாமல் இருக்க, வராதவருக்கு ஒரு குறியீட்டை இட வேண்டும்.
* உரையாக உள்ள எண்: உரையாகப் பதிவான 28உம் எண்ணான 28உம் சமமல்ல. எக்செலில் உரை எப்போதும் எண்ணைவிடப் பெரியதாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே பி2>=35 என்று தேர்ச்சியைச் சோதித்தால், உரையான 28உம் தேர்ச்சி பெற்றுவிடும். சம் சார்பு அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்காது. இயல்பாக எண் வலப்புறமும் உரை இடப்புறமும் ஒட்டி நிற்பதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம்.
* மறைந்த தசமம்: 34.6 என்பதைத் தசமமின்றிக் காட்டச் செய்தால் 35 என்று தெரியும். ஒப்பீட்டில் அது 34.6தான்.
* இரும எண்முறை: =(43.1-43.2)+1 என்பதன் விடை 0.9 ஆக வேண்டும். எக்செலில் அது 0.9க்குச் சமமாக இராது. ரவுண்ட் சார்பு கொண்டு முழுமையாக்கிய பின் ஒப்பிட வேண்டும்.
* இடைவெளி: பெயரின் இறுதியில் உள்ள வெற்றிடத்தை டிரிம் சார்பு நீக்கும்.
* தமிழ் எழுத்து: ஒருங்குறியில் ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் பதியலாம். தோற்றம் ஒன்றே, லென் சார்பு முன்னதற்கு 2 என்றும் பின்னதற்கு 3 என்றும் காட்டும். அதனால் மாணவர்களைப் பெயரால் அல்லாமல் தேர்வெண்ணால் ஒப்பிடுவது நல்லது.

எதைப் பயன்படுத்துவது?

ஒரு தாளைப் பார்த்துத் திருத்த நிபந்தனை வடிவூட்டம் போதும். எத்தனை வேறுபாடுகள் என்று எண்ண வாய்பாடு ஏற்றது. ஒரே பணியைப் பல கோப்புகளில் திரும்பத் திரும்பச் செய்யக் குறுநிரல் உதவும். மூன்றில் எதுவாயினும், இரண்டு மதிப்புகள் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எது சரி என்பதை மாணவரின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.