வாக்கு முன்னே, சீர்திருத்தம் பின்னே

1890களிலிருந்து 1920 வரையான காலத்தை அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் முற்போக்குக் காலம் என வழங்குகின்றனர். பெருந்தொழில் நிறுவனங்களின் ஏகபோகம், நகரசபைகளில் மலிந்த ஊழல், தொழிற்சாலைகளில் உழைத்த பெண்கள், சிறுவர்களின் அவலம் ஆகியவற்றைச் சட்டத்தின் வழியே திருத்த முற்பட்ட பல இயக்கங்கள் அக்காலத்தில் ஒருங்கே எழுந்தன. 1906இல் தூய உணவு, மருந்துச் சட்டமும், 1913இல் வருமான வரிக்கும் மேலவை உறுப்பினரை மக்களே நேரடியாகத் தெரிவதற்கும் வழிவகுத்த அரசியலமைப்புத் திருத்தங்களும், 1920இல் பெண்களின் வாக்குரிமையும் அவற்றால் விளைந்தன. அங்கே சீர்திருத்தம் முதலில் வேரூன்றிப் பெண்களின் வாக்குரிமை அதன் இறுதிக் கட்டத்திலேயே கைகூடியது. இலங்கையிலோ இவ்வொழுங்கு பெரிதும் தலைகீழாக அமைந்தது.

இலங்கையின் முதல் முயற்சிகள் கொழும்பின் கற்றோர் வட்டத்தில் தோன்றின. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் நிறுவியதோடு, அதே ஆண்டில் உருவான இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவருமானார். தோட்டத் தொழிலாளர் வேலையைவிட்டு நீங்குவதைக் குற்றமாகக் கருதித் தண்டித்த சட்டப் பிரிவுகளுக்கு எதிராக அவர் வாதாடினார். தொழிலாளியின் கடனைத் தாளில் எழுதி, அக்கடன் தீரும்வரை வேறு தோட்டத்துக்குச் செல்லவிடாமல் பிணித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் கட்டளைச் சட்டமும் வந்தது. ஆயினும் இவை மேலிருந்து செய்யப்பட்ட திருத்தங்களே. சட்டநிரூபண சபைக்கு, அதாவது அன்றைய சட்டமன்றத்துக்கு, வாக்களிக்கும் உரிமை கல்வியும் சொத்தும் வருமானமும் உடையோருக்கே இருந்தமையால், சனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே வாக்காளராயினர்.

அரசியலமைப்பை ஆராயப் பிரித்தானிய அரசு அனுப்ப, 1927இல் வந்திறங்கிய டொனமூர் ஆணைக்குழு இந்நிலையை மாற்றியது. ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கமும் மருத்துவர் மேரி இரத்தினம் போன்றோர் முன்னின்ற பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் வாக்குரிமையை விரிக்குமாறு சாட்சியமளித்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் உட்பட மூத்த தலைவர்கள் பலர் எதிர்த்தனர். பெண்களுக்கு 30 வயது என்று குழு விதித்த எல்லை பின்னர் 21ஆகக் குறைக்கப்பட்டு, 1931 யூன் மாதத்தில், சட்டநிரூபண சபைக்குப் பதிலாக அமைந்த அரசாங்க சபைக்குச் சர்வசன வாக்குரிமையின்கீழ் முதலாவது தேர்தல் நடைபெற்றது. சர்வசன வாக்குரிமை என்பது சொத்து, கல்வி, பால் என்ற வேறுபாடின்றி வளர்ந்தோர் அனைவருக்கும் உரிய வாக்கு ஆகும். பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் அழைப்பை ஏற்று வடக்கின் நான்கு தொகுதிகள் இத்தேர்தலைப் பகிஷ்கரித்தபோதும், கிழக்கு வாக்களித்தது. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, குச்சவெளிக்கு அப்பால், வயலையும் குளத்தையும் நம்பி வாழ்ந்த திரியாய் போன்ற கிராமங்களின் எழுத்தறியா உழவருக்கும் அவர்தம் மனைவியருக்கும் நிலவுடைமையாளருக்குச் சமமான ஒரு வாக்குக் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதோர் வேட்பாளரை இனங்காண்பதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்கள் எழுத்தறிவுச் சோதனையையும் தலைவரியையும் கருவியாக்கிக் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைத்திருந்தன என்பது இங்கு ஒப்புநோக்கத் தக்கது.

கிராமத்தின் வாக்கு வேண்டியதாகியதும் கிராமத்தின் தேவையும் அரசாங்க சபையில் பேசுபொருளாயிற்று. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934இலும், தொழிற்சங்கச் சட்டம் 1935இலும், மகப்பேற்று நன்மைகள் சட்டம் 1939இலும் நிறைவேறின. இவற்றுள் தலையாயது, சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்து 1945இல் நடைமுறைக்கு வந்த, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரையான இலவசக் கல்வியாகும். திருகோணமலையில் அதற்கு முன்பே 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்களுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கியிருந்தார். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற இந்துக் கல்லூரியைச் சுவாமி விபுலானந்தர் வழிநடத்தினார். கொடையாளரும் துறவியரும் சுமந்த இப்பணியை அரசின் கடமையாக்கியதே வாக்குரிமையின் பெரும் விளைவு.

எனினும் எண்ணிக்கைக்குச் செவிசாய்க்கும் அரசு, எண்ணிக்கையில் குறைந்தோரைப் புறக்கணிக்கவும் கூடும். 1935இன் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்ற உழவருக்கு முடிக்குரிய காணியை வழங்கும் சீர்திருத்தமாகவே பிறந்தது. ஆனால் கந்தளாய், அல்லை போன்ற இடங்களில் பின்னர் எழுந்த குடியேற்றத் திட்டங்கள் திருகோணமலை மாவட்டத்தின் இன விகிதத்தை மாற்றியமைத்தன. தமிழர் அரசியலின் நீடித்த மனக்குறைகளுள் ஒன்றாக அது இன்றும் விளங்குகிறது. தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மலையகத் தமிழருக்கு நேர்ந்தது இதனினும் கொடியது: 1948இன் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டமும் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. வாக்கிழந்த மக்களின் லயன் அறைகளுக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கும் அரசின் நலத்திட்டங்கள் பல பதிற்றாண்டுகள் பிந்தியே எட்டின. அமெரிக்கத் தென் மாநிலங்களின் கறுப்பின மக்களுக்கும் முற்போக்குக் காலத்தின் பயன் முழுமையாகச் சேரவில்லை. அவர்தம் வாக்குரிமையைப் பாதுகாக்கும் சட்டம் 1965இலேயே வந்தது.

இவ்விரு நாடுகளின் வரலாறும் சீர்திருத்தத்தின் அளவுகோல் எதுவெனக் காட்டுகின்றது. ஒரு சட்டம் எத்தனை பேருக்கு நன்மை செய்தது என்பதோடு, அதனை இயற்றிய சபையில் எவருக்குக் குரல் இருந்தது, எவருக்கு இல்லை என்பதும் கேட்கப்பட வேண்டும். திரியாயின் உழவருக்கு 1931இல் கிடைத்த வாக்கு அவருடைய பிள்ளைக்குக் கல்வியைக் கொணர்ந்தது; தம் மாவட்டத்துக் காணி குறித்த முடிவுகளில் பங்கு கொள்ளும் வலிமையை மட்டும் அந்த ஒற்றை வாக்கினால் ஈட்டித்தர இயலவில்லை. பெரும்பான்மை வாக்கோடு அதிகாரப் பகிர்வும் சிறுபான்மையோருக்கான காப்புகளும் வேண்டும் என்ற கோரிக்கை இலங்கையில் ஓயாது எழுவதன் காரணம் இதுவே.