பெட்டிக்குள் ஒரு தம்புரா

மாணவர்களே, அறிவியல் கண்காட்சிக்குப் புதிய மின்னணு இசைக்கருவி செய்யப் போகிறீர்களா? மின்சுற்றை வரையும் முன், அது யாருடைய சிரமத்தைத் தீர்க்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பெங்களூரு பொறியாளர் ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் கலைஞரும்கூட. பாடகருக்குச் சுருதி தரும் தம்புரா பெரியது. தூக்கிச் செல்வது கடினம். ரிங்லெட் போன்ற ஈரமான மலைப்பகுதியில் மரம் ஈரத்தை உறிஞ்சிச் சற்றே உப்பும். தந்தியின் இழுவிசை மாறிச் சுருதி கலையும். 1979இல் அவர் உருவாக்கிய மின்னணுத் தம்புராவில் இந்தத் தொல்லை இல்லை.

இத்தகைய கருவியில் அலையியற்றி என்ற மின்சுற்று அலைகளை எழுப்பும், பெருக்கி வலுவாக்கும், ஒலிபெருக்கி ஒலியாக்கும். ஒரு கட்டைச் சுருதியில் ‘ச’ ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ். ‘ப’ அதன் ஒன்றரை மடங்கு, 393 ஹெர்ட்ஸ். குமிழைத் திருப்பிச் சுருதியைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த விகிதம் மாறக்கூடாது. வடிவமைப்பின் சவால் அதுதான்.

நடுவரிடம் பாகங்களின் பட்டியலை ஒப்பிக்காதீர்கள். முதலில் சிரமத்தைச் சொல்லுங்கள். அடுத்து ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். பிறகு செலவைக் கூறுங்கள். குறையையும் மறைக்க வேண்டாம். தம்புராவின் ரீங்காரம், குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் நூலால் பிறப்பது; எளிய மின்னலையில் அது வராது. அதை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்பதே நடுவரின் அடுத்த கேள்வியாக இருக்கும்.